பாதித் தண்ணீர்

ஜூன் பிறந்து முதல் மழை விழுந்ததும் நான் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, இன்ஷூரன்ஸ் பத்திரம் மூன்றையும் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கருக்குள் வைத்து, காஸ்கெட் போட்டு மூடி, வெயிட்டையும் மாட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன். வெள்ளம் வந்தால் குக்கர் மிதக்கும், உள்ளே ஒரு சொட்டுப் புகாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதில் சொல்லாமல் விட்ட ஒரு தகவல்: நாங்கள் அப்போது இருந்தது மூன்றாவது மாடி.

"மூணாம் மாடிக்கே தண்ணி வந்துடுத்துன்னா, பாஸ்போர்ட்டை வெச்சுண்டு எந்த தேசத்துக்குப் போறதா உத்தேசம்?" என்பாள் என் மனைவி. "குக்கரை இறக்குங்கோ. பருப்பு வேகணும்."

இந்த விஷயம் எங்கள் வீட்டைத் தாண்டித் தெரிந்த ஒரே ஆள், எங்களுக்கு இட்லி மாவு தந்துகொண்டிருந்த அக்கா. தரைமட்டத்தில், சரியாகச் சொன்னால் தரைக்கும் கொஞ்சம் கீழே, குடியிருந்தவர். மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபின் சொன்னார்: "பயப்படுததுக்கும் ஒரு மாடி வேணும்போலுக்கே அண்ணாச்சி. எங்களுக்கு அதுக்கும் எடமில்ல."

நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. இரண்டு பேருக்கும் இளையவராக இருக்க ஆசை.

எங்கள் கட்டடத்தின் விலாசம் மும்பை மாட்டுங்கா, பின்பக்கச் சுவர் தாராவி. முன் கேட்டில் நின்றால் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிழல் விரித்த தெரு. பின்சுவரை எட்டிப் பார்த்தால், குடையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும் ஒரு சந்து. அந்தச் சந்தில் மரம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் துணி காயப்போட வேண்டும்.

அங்கே வாசற்படி என்பது வருடா வருடம் வளரும் பொருள். ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், அடுத்த மழைக்குள் வாசலில் இரண்டு செங்கல்லை வைத்துப் பூசிவிடுவார்கள். அங்கே நுழைய முடியாத தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் நுழையும். அவர்கள் மூன்று கல் வைப்பார்கள். இப்படியே ஏறி ஏறிச் சில வீடுகளில் படி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. வேலி தாண்டும் ஆடு மாதிரி காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அக்கா வீட்டு வாசலில் மட்டும் ஒரு கல்கூட இல்லை. எதிர்வீட்டு வாசலிலும் இல்லை. மாவு போக இட்லியும் விற்பவர், விடிகாலையில் கொப்பரையை உருட்டி வெளியே கொண்டுவருவதற்காக அப்படி விட்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"எதுத்தாப்ல பாருங்க" என்றார்.

எதிர்வீட்டில் சாச்சா இருந்தார். பெல்ட்டுகளுக்குப் பக்கிள் பொருத்தும் உத்தரப்பிரதேசத்துப் பெரியவர். கால்கள் இரண்டும் சிறுவயதிலேயே சூம்பிப் போனவை. நான்கு சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தள்ளித் தள்ளி நகர்வார். ஒற்றைச் செங்கல் வைத்தால்கூட அவரால் வெளியே வர முடியாது.

"அவரால கல்லு வைக்க முடியாது. நானும் வச்சிட்டேன்னா சந்துத் தண்ணி பூராவும் அவரு வீட்டுக்குல்லா போவும்? இப்பம் பாதி அவருக்கு, பாதி எனக்கு. கணுக்காலோட போச்சி."

"நீங்க இப்படி விட்டு வெச்சிருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அதுக்காவ ஒரு நாளாச்சும் அந்தப் பக்கிள் தட்டுத ஓசைய நிப்பாட்டுனாரா? மத்தியானம் செத்த கண்ண மூட விடமாட்டாரு மனுசன்."

பாதி என்பது அக்காவின் வியாதி. தண்ணீரோடு நின்றிருந்தால் நானும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். எல்லாவற்றிலும் பாதி. டாக்டரைப் பார்க்கப் போனால், ஒரே பக்கமாக நின்றுவிட்ட மின்விசிறியை எழுந்து எழுந்து போய் எதிர் வரிசைப் பக்கம் திருப்பி வைப்பார். கம்பவுண்டர் அதட்டினால், "காத்துல பேரு எழுதியிருக்கா?" என்பார். பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டு ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். பாதியைப் பிரித்துச் சாச்சாவிடம் நீட்டினார்.

"அவருக்குத் தமிழ் தெரியாதே அக்கா!"

"படிக்கவா குடுத்தேன்? தோல் துண்டு பொதிய."

இதைவிட மோசம், கடைசி மாவு விவகாரம். பாத்திரத்தில் ஒரு வீட்டுக்குப் போதுமான மாவு மட்டும் இருக்கும்போது இரண்டு பேர் வந்து நின்றால், வாக்குவாதம் தொடங்குவதற்கு முன்பே கரண்டியைப் போட்டுச் சரிபாதியாகப் பிரித்துவிடுவார். இரண்டு வீட்டுக்கும் போதாது. இரண்டு பேரும் திட்டிக்கொண்டே போவார்கள். ஒரு முறை அந்த இருவரில் ஒருவன் நான். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றரை இட்லி. அக்காவிடம் சட்னி கூடுதலாகக் கேட்டேன். பாதிக் கரண்டி விழுந்தது.

அந்தக் காலத்தில்தான் நான் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டியின் செயலாளர் ஆனேன். தேர்தலெல்லாம் இல்லை. பொதுக்கூட்டத்தின் நடுவே போன் பேச வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் ஆக்கியிருந்தார்கள்.

பதவியேற்ற மழையிலேயே என் ஸ்கூட்டர் மூழ்கியது. எங்கள் காம்பவுண்டு அப்போது பள்ளம். பெருமழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும், பிறகு மெல்ல வடியும். அடுத்த மழைக்குள் இதற்கு ஒரு முடிவு கட்டாவிட்டால் ராஜினாமா என்று நான் முழங்கினேன். ராஜினாமாவை ஏற்க யாரும் தயாராக இல்லாததால் முடிவு கட்டினார்கள். லாரி லாரியாக மண்ணும் கல்லும் கொட்டிக் காம்பவுண்டை ஓரடி உயர்த்தினோம். மேலே பேவர் பிளாக். பின்சுவர் ஓரத்தில் 'மழைத் தோட்டம்' ஒன்று. அதாவது ஒரு குழி. அதில் சரளை, மணல், செம்மண், மேலே கல்வாழையும் வெள்ளைக் கூழாங்கல்லும். பெய்கிற மழையைத் தோட்டமே குடித்துவிடும், மிஞ்சினால் பின்சுவரில் பதித்த குழாய் வழியாக வெளியே போய்விடும் என்றார் வரைபடம் போட்ட ஆலோசகர். பசுமைத் திட்டம் என்று சர்டிபிகேட்கூட வந்தது. எல்லாத் தாளிலும் கையெழுத்து என்னுடையது. வெளியே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனிதர் விரலை எந்தப் பக்கம் நீட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

முதல் பெருமழையன்று எல்லோரும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தோம். தோட்டம் அரைமணி நேரம் குடித்தது. மும்பை மழை அரைமணி நேரத்திலா நிற்கும்? மிச்சமெல்லாம் குழாயில் போயிற்று. காம்பவுண்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கைதட்டினார்கள். நான் மூன்றாம் மாடியிலிருந்து கையசைத்தேன்.

மறுநாள் காலை கேட்டில் அக்கா நின்றிருந்தார். கையில் தூக்குவாளி.

"உங்க தண்ணி எங்க வீட்டுக்கு வந்துச்சி அண்ணாச்சி."

"மழைத் தண்ணியில உங்க தண்ணி, எங்க தண்ணின்னு உண்டா அக்கா?" என்றேன். சாமர்த்தியமாகப் பேசியதாக நினைப்பு.

அவர் வாளியைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளைக் கூழாங்கற்கள், கழுவித் துடைத்தவை. மேலே ஒரு சிவப்புக் கல்வாழை இலை.

"எங்க சந்துல மரமா செடியா, எல உதுர? பாதி எங்க வீட்டுல கெடந்துச்சி, பாதி சாச்சா வீட்டுல. பொறுக்கிட்டு வந்தேன்." வாளியை என் காலடியில் கவிழ்த்தார். "கணுக்காலுக்கு வந்த தண்ணி இப்பம் முழங்காலுக்கு வருது. எனக்கு முழங்காலுன்னா அவருக்கு நெஞ்சு, அண்ணாச்சி. உக்காந்திருக்க ஆளுல்லா?"

நான் அப்போதுதான் கணக்குப் போட்டேன். பழைய பள்ளம் பெரிய பாத்திரம், புதுத் தோட்டம் சின்னக் கிண்ணம். இத்தனை வருடமும் எங்கள் காம்பவுண்டில் நின்றது எங்கள் தண்ணீர் மட்டுமல்ல, அந்தச் சந்தின் நிம்மதியும்தான். அதைப் பேவர் பிளாக் போட்டு மூடியிருந்தேன்.

கூட்டம் கூட்டினேன். அக்காவையும் வரச்சொன்னேன். ஆலோசகர் திரையில் வரைபடம் காட்டினார். தோட்டமெல்லாம் பச்சை, தண்ணீர் வழியெல்லாம் நீலம், பின்னால் ஒரு சாம்பல் திட்டு.

"இந்தச் சாம்பக் கலர் யாரு?" என்று அக்கா கேட்டார்.

"அது உங்க பக்கம்" என்றேன்.

ஆலோசகர் இந்தியில் பொறுமையாக விளக்கினார். அங்கே நெரிசல் அதிகம், செடி வைக்க இடமில்லை, அதனால் திட்டத்தில் வராது. அக்கா தமிழில் என்னிடம் திரும்பினார். "செடி வைக்க எடமில்லைங்காரு, சரி. அந்தச் செடி குடிச்சி மிச்சம் வச்ச தண்ணிக்கு மட்டும் எப்படி எடமிருக்குன்னு கேளுங்க." நான் மொழிபெயர்க்கவில்லை. இருமினேன்.

எங்கள் பொருளாளர் மாமா பாலக்காட்டுக்காரர், தர்மம் தெரிந்தவர். "தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும். அது பகவான் நியதியாக்கும். சொசைட்டியில தீர்மானம் போட்டா மாத்த முடியுமோ?"

"பள்ளம் பகவான் வச்சதா அய்யா?" என்றார் அக்கா. "உங்க லாரி வந்து மண்ணு தட்டுனத நான் என் வாசல்ல நின்னுல்லா பாத்துட்டிருந்தேன்."

மாமா கணக்கு நோட்டைப் புரட்டத் தொடங்கினார். பிறகு அக்காதான் பேசினார். அவர் கேட்டது அதிகமில்லை. "குழாய மூடச் சொல்லல. பாதி அடைங்க. பாதித் தண்ணி நான் வாங்கிக்கிடுதேன். உங்க கார் டயரு கொஞ்ச நேரம் நனையும். எங்க அரிசி நனையாது."

விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அடுத்த கூட்டம் மழை முடிந்த பிறகு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் வாழ்நாளின் ஒரே வீரச் செயலைச் செய்தேன். ஜன்னல்களில் யாருமில்லாத மத்தியான வேளையில் இறங்கிப் போய், குழாயின் வாயில் ஒரு செங்கல்லைச் செருகி வைத்தேன். சரிபாதி அடைத்தது. ராஜ்ஜியத்தைத் தானம் செய்த முகத்தோடு சந்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் எதிர்வாசலைப் பார்த்துக் கத்தினார்: "சாச்சா! ஆதா பந்த் கர் தியா! பாதி அடைச்சாச்சி! செகரட்ரி அண்ணாச்சி கல்லு வச்சிட்டாவ!" பக்கிள் ஓசை நின்றது. ஒரு கை மட்டும் வெளியே வந்து எனக்குச் சலாம் வைத்தது.

அடுத்த இரண்டு மழையும் கல் நின்றது. காம்பவுண்டில் கணுக்கால் அளவு தண்ணீர் சற்று நேரம் தேங்கி வடிந்தது. யாரும் கவனிக்கவில்லை. சந்திலும் கணுக்கால்தான். நான் தலைமைப் பொறியாளர் மாதிரி நடந்தேன். மாவு வாங்கப் போனபோது அக்கா எனக்கு ஒரு முழுக் கரண்டி சட்னி ஊற்றினார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் கடலிலும் ஏற்றம். காம்பவுண்டில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, மீட்டர் அறைப் படியைத் தொட்டது. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது.

"செகரட்ரி! எங்கே ஓய் தோட்டம்? அது குடிக்கறதை நிறுத்திடுத்தா?"

"கரண்ட் பாஸ் ஆனா எல்லாரும் போயிடுவோம்! எறங்கும் ஓய்!"

நான் முதலில் குக்கரைப் பார்த்தேன். பிறகு ஜன்னல் வழியே என் புது ஸ்கூட்டரைப் பார்த்தேன். அதன் சீட் மட்டும் ஒரு எருமை முதுகு மாதிரி தெரிந்தது. அதற்குப்பின் நடந்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. படிகளில் விழுந்தடித்து இறங்கி, தொடையளவு தண்ணீரில் நடந்து, சுவரோரம் குனிந்து துழாவி, கல்லைப் பிடித்து அசைத்தேன். வந்தது. கையிலிருந்து நழுவியது. பூமி உறிஞ்சுவது போல ஒரு சத்தம். தேங்கியிருந்த அத்தனையும் ஒரே மூச்சில் அந்தக் குழாயைப் பார்க்கப் பாய்ந்தது. கல்லையும் கொண்டுபோயிற்று, என் வலது கால் ரப்பர் செருப்பையும் கொண்டுபோயிற்று.

மீட்டர் அறை தப்பித்தது. கைதட்டினார்கள். "பேஷ் ஓய்!" என்றார் மாமா. நான் அந்த மழையில் நின்று தலைகூடத் தாழ்த்தினேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்தான் சந்து நினைவுக்கு வந்தது. திரும்பி இறங்கியிருக்கலாம். கால் கீழே போக மறுத்தது, மேலே போகச் சம்மதித்தது. வீட்டுக்குப் போய்க் குக்கர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

மற்ற வருடங்களில் வானம் கறுத்தாலே அக்கா அரிசி மூட்டையை மேலே மாலாவில், அதுதான் அந்தப் பலகைப் பரணில், ஏற்றிவிடுவார். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சாச்சாவைப் பலகையோடு தூக்கித் தன் வீட்டு அடுப்பு மேடையில் உட்கார வைத்துவிடுவார். அன்றைக்கு எதையும் செய்யவில்லை. அண்ணாச்சி கல் வைத்திருக்கிறாரே. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, மூட்டை தரையில் இருந்தது, சாச்சா எதிரே பக்கிள் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறி வரவில்லை, விழுந்து வந்தது.

இதெல்லாம் மறுநாள் காலை அவரே சொன்னது. கேட்டில் நின்று சொன்னார்.

"அவரு வாய்க்குள்ளயே தண்ணி போயிட்டு. முடியப் புடிச்சி இழுத்து மேடையில போட்டேன். கெழவன் கனம் கொஞ்சநஞ்சமில்ல. பலக எங்கயோ மெதந்து போயிட்டு. கிரைண்டர் மோட்டார் பொகஞ்சிட்டு. அரிசி, உளுந்து ஒண்ணும் இல்ல." இடது கையில் கூழாங்கல் வாளி இருந்தது. வலது கையில் என் செங்கல். "இதும் வந்துச்சி. தானா போச்சா அண்ணாச்சி, யாரும் எடுத்தாவளா?"

"அந்த வேகத்துக்கு எந்தக் கல்லு நிக்கும் அக்கா? தானா போயிடுத்து. நான் கீழயே இறங்கலை, பாத்துக்கோங்கோ."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்பம் சரி" என்றார். "தண்ணி மேல என்னத்தக் கோவப்பட."

செங்கல்லை என் காலருகே வைத்துவிட்டுப் போனார். நான் அதை மறுபடி குழாயில் வைக்கவில்லை. வைத்தால் மறுபடியும் எடுப்பேன் என்று தெரிந்துவிட்டது.

இப்போது நான் செம்பூரில் ஏழாவது மாடி. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சந்து இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. அங்கே நான் கடைசியாகப் போனது அந்த வருடம் மழை ஓய்ந்த பிறகு, மாவு வாங்க. அக்கா எங்கிருந்தோ ஒரு பழைய கிரைண்டரைச் சரிசெய்து வாங்கியிருந்தார். எதிர்வீட்டில் பக்கிள் சத்தம் இல்லை. சாச்சாவை அவருடைய தம்பி மகன் கல்யாண் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். புதிதாகக் குடிவந்தவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வாசலில் நான்கு கல் வைத்துவிட்டார்கள்.

அக்கா தன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சட்டியில் சிமெண்ட் குழைத்திருந்தது. இரண்டாவது செங்கல்லை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, நீங்களுமா?"

"பாதி வாங்க ஆளு இல்லையே அண்ணாச்சி. முழுசும் நான் ஒருத்தி எப்படி வாங்குவேன்?"

"அப்ப அந்தத் தண்ணி..." என்று தொடங்கினேன். அவருடைய பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அங்கே ஒரே ஒரு கல்தான் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை முடிக்க நான் யார்?

"இருங்க" என்று எழுந்து, புதுப் படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார். மாவோடு ஒரு செய்தித்தாள் பொட்டலமும் கொண்டுவந்தார். பிரித்தேன். ஒற்றை ரப்பர் செருப்பு. வலது கால். தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்திருந்தார்.

"அன்னைக்குக் கல்லோட இதும் வந்துச்சி. அப்பமே குடுத்திருப்பேன். நீங்க கீழயே எறங்கலன்னு சொன்னீயளா, அப்பம் இது யாருதோன்னு வச்சிருந்தேன்." சிமெண்ட் அப்பிய கையால் தரையைக் காட்டினார். "போட்டுப் பாருங்க."

நான் காலிலிருந்ததைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தேன்.

சரியாக இருந்தது.

"ம்" என்றார் அக்கா. உட்கார்ந்து மூன்றாவது கல்லை எடுத்தார்.